கை வேற, கண்ணு வேற

அறுபதுகளில் சிதம்பரத்தில் எங்கள் தெருவில் நோன்பு மாதம் பிறப்பதற்குள் வீட்டுக்கு வெள்ளை அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால், "என்ன, உங்க வீட்ல இந்த வருஷம் பெருநாள் இல்லையா?" என்று கேட்டே உயிரை வாங்கிவிடுவார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து சுட்ட கிளிஞ்சல் மூட்டையில் வரும். கொல்லையில் பெரிய பானையில் அதைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் உலை மாதிரி கொதித்து, நீறிச் சுண்ணாம்பாகும். அதைக் குனிந்து பார்ப்பதில் ஆம்பிளைகளுக்கு அப்படி ஒரு ஆசை.

எனக்குக் கல்யாணமாகிப் புதுசு. என் கணவர் கீழவீதியில் கடிகார ரிப்பேர் கடை வைத்திருந்தார். வலது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்கூட மறந்துவிடும். அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த வருஷம் சுண்ணாம்பு நீற்றியது அவருடைய அண்ணன். எனக்குப் பெரிய மச்சான். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார். அவர் தண்ணீரை ஊற்ற ஊற்ற, என் கணவர் பானைக்கு மேலே முகத்தை நீட்டிக் கம்பால் கிண்டினார். "எட்ட நில்லுங்க மச்சான்" என்று என் கணவரைப் பார்த்து நான் கத்திக்கொண்டே இருந்தேன். நீறாமல் அடியில் கிடந்த கட்டி ஒன்று டப்பென்று வெடித்தது. என் கணவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து புரண்டார்.

கிணற்றடியில் நிறைகுடம் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். பெரிய மச்சான் குறுக்கே வந்து குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கென்ன பைத்தியமா புள்ள? சுண்ணாம்புல தண்ணி பட்டா எப்படிக் கொதிக்குதுன்னு இப்பதானே பாத்த? கண்ணு வெந்து போயிடும்!"

"கையில பட்டா தண்ணியிலதானே கழுவுறீங்க?"

"கை வேற, கண்ணு வேற!"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தனை பேர் சேர்ந்து தலையாட்டினால் அப்புறம் நான் என்ன, யார் சொன்னாலும் எடுபடாது. குடத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஆள் ஓடியது. பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையில் தாய்ப்பால் வந்தது. இரண்டு சொட்டு விட்டார்கள். அதற்கு மேல் விளக்கெண்ணெய். அதற்கு மேல் வெள்ளைத் துணியால் கட்டு. கட்டுக்குள்ளே சுண்ணாம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அலறல் அடங்கவில்லை என்றதும்தான் ஜட்கா வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்ததும் முதலில் கேட்டது, "தண்ணி ஊத்துனீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் மேல் இமையைப் புரட்டி, ஒட்டியிருந்த சுண்ணாம்புத் துணுக்கை எடுத்துவிட்டு, தண்ணீரை விட்டுக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

"பட்ட உடனே குடம் குடமா ஊத்தியிருக்கணும். கொதிச்சுடும்னு பயந்தீங்களா? சும்மா இருந்தாத்தான் அரிக்கும். கண்ணுல இருக்கிற ஈரமே அதுக்குப் போதும்."

நான் பெரிய மச்சானைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் போய் வந்து போய் வந்து அலைந்ததுதான் மிச்சம். கண் வெந்த முட்டை மாதிரி வெளுத்துப் போய்விட்டது. வருகிறவர்கள் எல்லாம், "என்ன செய்யறது, நஸீபு, விதிச்சது அவ்வளவுதான்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிணற்றடியில் நிறைகுடம் வைத்ததும் அதே அல்லாதானே, அதை ஏன் ஒருத்தரும் நஸீபில் சேர்க்கவில்லை? என் கணவர் இடது கண்ணில் லென்ஸை வைத்துப் பழகினார். கை நடுங்காத மனுஷன், சின்னத் திருகாணி கீழே விழுந்தால் தடவித் தேடுவார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சுண்ணாம்பு நீற்றினால் பானையை ஈரச் சாக்கு போட்டு மூடுவேன். பக்கத்தில் நிறைகுடம். யாரும் குனியக் கூடாது. "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று பெரிய மச்சானே கிண்டல் செய்தார்.

சில வருஷம் கழித்து, வெள்ளையடிப்பு நாளில், எதிர்வீட்டுப் பெண் பாலாடையோடு ஓடி வந்தாள். அப்போது என் இடுப்பில் கைக்குழந்தை.

"அக்கா, எங்கண்ணன் கண்ணுல சுண்ணாம்பு! கொஞ்சம் பால் குடுங்கக்கா!"

பிள்ளையை அவள் கையில் திணித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு முக்காடுகூட இல்லாமல் தெருவைத் தாண்டினேன். என் கணவரும் பின்னாலேயே வந்தார். "கொதிக்கும், கொதிக்கும்" என்று கத்தினார்கள். என் கணவர் அந்தப் பையன் தலையை மடியில் அழுத்திப் பிடித்து, இமையை விரித்துக் கொடுத்தார். நான் ஊற்றினேன். குடம் காலியாகக் காலியாக, நிரப்பிக் கொண்டுவரச் சொல்லித் திட்டித் திட்டி ஊற்றினேன். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. கண் தப்பித்தது.

பெருநாளன்று அவன் அம்மா ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நல்லவேளை, உங்க வீட்ல பச்சப்புள்ள இருந்துச்சு. தாய்ப்பாலுக்கு இருக்கிற மகிமையே தனிதான்!"

ஒரு சொட்டுப் பால்கூட விடவில்லை என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. தெரு முழுக்க அதே பேச்சு. அதோடு, முக்காடு இல்லாமல் ஓடினேன் என்றும் ஒரு பேச்சு.

"பையனுக்குக் கண்ணு தெரியுதுல்ல, விடு" என்றார் என் கணவர், இடது கண்ணிலிருந்து லென்ஸை எடுத்துத் துடைத்தபடி.

எப்படி விடுவது? அடுத்த வருஷமும் பானை கொதிக்கும். அப்போதும் இவர்கள் கிணற்றைத் தாண்டித்தான் பாலுக்கு ஓடுவார்கள்.