கலவை இறுகினால் இறுகட்டும்

தெருவில் என்னை "பெல்ட்டு" என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாமல் இல்லை. போன வாரம் குழாயடியில் உங்கள் இரண்டு பேரையும் "பெல்ட்டு பிள்ளைக வருதுக, வழிய விடுங்கடா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சின்னவன் குடத்தைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தான். பெரியவள் அழவில்லை. ஆனால் சாப்பிடும்போது கேட்டாள்: "ஏப்பா, மத்த கொத்தனாரெல்லாம் சும்மாதான ஏறுறாக? நீங்க மட்டும் எதுக்கு மாட்டிக்கிட்டு அலையுறீக? பயமா?"

அப்போது தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டேன். பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், பாதியில் எழுந்து போய்விடுவேன். ஒன்பதாவதோடு நின்றவன் என்றாலும் எழுத வரும். அதனால் எழுதுகிறேன். தாள் பெரியவளின் பழைய கணக்கு நோட்டில் கிழித்தது. திட்ட வேண்டாம்.

உங்கள் அப்பன் மேலே ஏறப் பயந்து வேலையை விட்டு ஓடிவந்தவன் என்று ஒரு கதை இந்தத் தெருவில் சுற்றுகிறது. அதில் பாதி உண்மை. பயந்தேன். ஓடிவரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அகரம் போகிற ரோட்டில் ஒரு கட்டடம். கீழே வரிசையாகக் கடைகள், மேலே இரண்டு மாடி. தோல் வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் கட்டினார். மேஸ்திரி எனக்கு மச்சான் முறை; என்னை மாப்ள என்பார், உங்கள் அம்மாவைத் தங்கச்சி என்பார். நான் கொத்தனார், உங்கள் அம்மா சித்தாள். முன்பக்கச் சுவர் பூசுவதற்கு அங்கே சாரம் கட்டியவனும் நான்தான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், வேறு யாரோ கட்டியதை நான் குறை சொல்லப்போவதில்லை.

சாரம் என்பது வேறு ஒன்றுமில்லை. நிறுத்திவைத்த சவுக்குக் கம்பு, குறுக்கே கம்பு, இரண்டும் சேருகிற இடத்தில் தேங்காய் நார்க் கயிறு, மேலே நிற்பதற்குப் பலகை. இரண்டு மாடி உயரத்தில் ஒரு மனுஷனைத் தாங்கி நிற்பது அந்தக் கயிற்றுக் கட்டுதான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தில் எட்டு மாதம் வேலை பார்த்தேனே, அங்கே இரும்புக் குழாயில் சாரம். இடுப்புயரத்தில் கைப்பிடி. இடுப்பில் பெல்ட்டு கட்டி, அதன் கயிற்றைக் குழாயில் மாட்டாமல் ஏறினால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். முதல் வாரம் நானும், "என்னடா இது, மாட்டுக்குக் கயிறு போட்ட மாதிரி" என்று சிரித்தவன்தான். நாலாவது மாதம் என் பக்கத்தில் பூசிக்கொண்டிருந்தவன் கால் தவறினான். பெல்ட்டில் தொங்கினான். இழுத்துப் போட்டோம். ஒரு பீடி குடித்துவிட்டு மறுபடி வேலை பார்த்தான். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெல்ட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இங்கே சின்ன வேலைகளில் அதெல்லாம் கிடையாது. பாய் கட்டடத்தில் சாரம் கட்டுகிற அன்று, கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு கம்பு கட்டவேண்டும் என்று கயிறு கேட்டேன். "கயிறு தீந்துபோச்சு மாப்ள" என்றார் மச்சான். சரி என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் அதே சாரத்தின் நெற்றியில் திருஷ்டிப் பொம்மை ஒன்று நாக்கைத் தள்ளிக்கொண்டு தொங்குகிறது. அதற்குப் புதுக் கயிறு. நாலு சுற்று.

மாசித் திருவிழாவுக்கு ஐந்து நாள் லீவு விட்டார்கள். ஆறாம் நாள் காலையில் பஸ்ஸில் போகும்போது உங்கள் அம்மா என்னிடம், "இன்னைக்கு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அஞ்சு நாளு வேலை இல்லாம இருந்திருக்கோம்" என்றாள். நானும் சும்மா இருக்கத்தான் நினைத்தேன்.

நாங்கள் போய் இறங்கியபோது கலவை கலக்கி முடித்திருந்தார்கள். ரோட்டோரத்தில் குவித்து, நடுவில் குழி பறித்து, தண்ணீர் விட்டு வெட்டிப் புரட்டியாகிவிட்டது. எங்கள் தொழிலில் இருக்கிற பெரிய கோளாறு இதுதான் பிள்ளைகளா. சாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கலவையைக் கலக்கிவிடுவார்கள். கலந்த கலவை காத்திருக்காது, இறுகிவிடும். அதனால் அதற்கு அப்புறம் யாரும் வாயைத் திறப்பதில்லை. கம்பு ஆடுது என்றால், கலவை இறுகுது என்பார்கள். பலகை ஒடியும்போல இருக்கு என்றால், கலவை இறுகுது என்பார்கள். சாமான் கெட்டுப்போகுமே என்று ஆள் ஏறிவிடுவான். நானே அப்படி எத்தனையோ நாள் ஏறியிருக்கிறேன்.

அன்று சாரத்தின் அடியில் நின்று கயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். கம்புக்கும் கயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. அடுத்த கட்டிலும் நுழைந்தது. கம்பைப் பிடித்து லேசாக அசைத்தேன். மேலே இரண்டாம் மாடி வரை கிறீச்சென்று சத்தம் போய், காய்ந்த சிமெண்டுப் பொருக்கு தலையில் விழுந்தது.

"என்ன மாப்ள, சாரத்துக்கு நாடி பாக்குறியா?" என்றார் மச்சான்.

"ரெண்டு விரலு போகுது மச்சான். திருப்பிக் கட்டிட்டு ஏறுவோம்."

"போன வாரம் இதுலதானய்யா ஏறி நின்ன? ஒரு வாரத்துல கெழடாப் போச்சா?"

"போன வாரம் தெனமும் செவத்துக்குத் தண்ணி அடிச்சோம். கயிறு ஊறி விறைச்சு நின்னுச்சு. அஞ்சு நாளு வெயில்ல காஞ்சு இப்பத் தொய்ஞ்சு கெடக்கு."

"கலவை போட்டாச்சு. கட்டி முடிக்க மத்தியானமாயிரும். அம்புட்டும் இறுகிப்போனா ஒன் தலையில கொட்டவா?"

"பின்பக்கம் கீழ்ச் செவரு பூசாமத்தான கெடக்கு? தரையில நின்னே பூசிரலாம். கலவை அங்க போகட்டும். நான் அதுக்குள்ள கட்ட முறுக்கிருறேன்."

சரியான யோசனைதான். தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தால் மச்சான் ஒத்துக்கொண்டிருப்பார். எல்லார் முன்னாலும் சொன்னது என் தப்பு. சித்தாள்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீதான் பெல்ட்டு போட்டிருக்கியே அப்பு, ஒனக்கென்ன? ஏறு."

"பெல்ட்ட எதுல மாட்ட? இந்தக் கம்புலயா? சாரம் சாஞ்சா நானும் சேந்து சாயவா?"

அகரத்திலிருந்து வருகிற சித்தாள் அக்கா ஒருத்தி உண்டு, வாய் சும்மா இருக்காது. "சாயட்டுமே. விழுந்தாலும் தொலைஞ்சு போகாம கம்போடயே கெடப்பீக. தேடுற வேலை மிச்சம்" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மச்சான் சட்டையைக் கழற்றினார். "நீ கீழயே நில்லு ராசா. நான் ஏறிப் பூசுறேன். தங்கச்சி, நீ நடுத்தட்டுல நின்னு சட்டிய வாங்கி மேல குடு."

அவர் கெட்டவர் இல்லை. அடுத்தவனை ஏற்றிவிட்டு நிழலில் நிற்கிற ஆளும் இல்லை. தானே ஏறப்போனார். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

உங்கள் அம்மா புடவையைத் தூக்கிச் செருகினாள். என் பழைய சட்டையை மேலே போட்டிருந்தாள், கையை மடித்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் முதல் குறுக்குக் கம்பில் காலை வைத்தாள். கம்பு ஆடியது.

"எறங்கு" என்றேன்.

"விடுங்க. எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். எறங்கு."

என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. இறங்கிவிட்டாள். மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ எறங்குனா என்ன? ஏக்கா, நீ ஏறு" என்றார்.

அகரத்து அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் வந்தது. வேலை வேண்டும் அல்லவா? தலையில் கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, இதுவரை அப்படி வந்ததில்லை. என் பொண்டாட்டியை இறக்கிவிட்டு இன்னொருத்தன் பொண்டாட்டியை ஏற்றிவிட்டிருக்கிறேன். அதுவும் என் கையால் கட்டின சாரத்தில். நான் மட்டும் ஏறமாட்டேன் என்று சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் விட்ட இடத்தில் அடுத்த ஆள் நிற்கும். ஏறுவதற்கு ஒன்று இருக்கிற வரைக்கும் யாராவது ஏறத்தான் செய்வார்கள்.

"ஏக்கா, செத்த நேரம் நில்லு" என்று கத்திவிட்டுக் கட்டடத்துக்கு உள்ளே ஓடினேன். மாடிப்படி வழியாக இரண்டாம் மாடி. ஜன்னல் இன்னும் வைக்கவில்லை, வெறும் திறப்புதான். பெல்ட்டின் கயிற்றை உள்ளே இருந்த தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டினேன். திறப்பில் குனிந்து, "எல்லாரும் ரோட்டுப் பக்கம் தள்ளிப் போங்க!" என்றேன். பிறகு சாரத்தில் கிடந்த பலகையின் நுனியைப் பிடித்து அறைக்குள் இழுத்தேன். சாரத்துப் பலகை இல்லாவிட்டால் அது வெறும் கம்பு. எவனும் நிற்க முடியாது.

கீழே மச்சான் கத்துவது கேட்டது. "ஏலே! என்னலே பண்ற? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

முதல் பலகையைத் தனியாக இழுத்துப் போட்டேன். இரண்டாவது நீளம், காய்ந்த சிமெண்டு ஏறிக் கனமாகிவிட்டது. பாதி உள்ளே வந்து மாட்டிக்கொண்டது. வெளியே தள்ளவும் முடியாது, விடவும் முடியாது. அப்போது பின்னால் மூச்சிரைக்கிற சத்தம். உங்கள் அம்மா. வந்து மறுநுனியைப் பிடித்தாள். "ம்" என்றாள். இழுத்தோம். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக எல்லாப் பலகையும் வந்தது. முதல் மாடியிலும் அப்படியே செய்தோம்.

மச்சான் ரோட்டில் நின்று கத்தித் தீர்த்துவிட்டுப் படியேறி வந்தபோது நாங்கள் கடைசிப் பலகையைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தோம். "யாரு சாரத்த யாருலே பிரிக்கிறது?" என்றார்.

"நான் கட்டுனது. நான் பிரிக்கிறேன்."

"கலவைக்கு யாரு பதில் சொல்றது?"

"கலவை இறுகினா இறுகட்டும் மச்சான். சிமெண்டு அடுத்த மூடை வரும்."

அடிக்கக் கையை ஓங்கினார். உங்கள் அம்மா நடுவில் வந்து, "அண்ணே, நீங்க விழுந்தா எங்க மதினிக்கு யாரு பதில் சொல்றது? அதையும் சொல்லிட்டு அடிங்க" என்றாள். மதினி என்றது மச்சானின் பொண்டாட்டியை. ஓங்கிய கை அப்படியே நின்று, தலையைச் சொறிந்தது.

யாரோ போன் பண்ணி, பாய் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். வெறும் கம்பாக நின்ற சாரத்தை அண்ணாந்து பார்த்தார். "என்னப்பா, இன்னும் திருவிழா முடியலையா?" என்றார். மச்சான் என்னைக் கைகாட்டினார். நான் இறங்கி வந்து அவரைச் சாரத்தின் அடிக்குக் கூட்டிப்போனேன். "பாய், இந்தக் கட்டுக்குள்ள விரல விடுங்க" என்றேன். விட்டார். இரண்டு விரல் போனது. இன்னொரு கட்டிலும் அவராகவே விட்டுப் பார்த்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொல்றது சரிதான். ஆனா எங்கிட்டயும் கேக்காம, மேஸ்திரிகிட்டயும் கேக்காம, இஷ்டத்துக்குப் பிரிச்சா நாளைக்கு எவன் எதைப் பிரிப்பான்னு எனக்குத் தெரியாதுல்ல? நீ வேற எடம் பாத்துக்கப்பா" என்றார். பிறகு மச்சானைப் பார்த்து, "புதுக் கயிறு வாங்கிட்டு வந்து முழுசாக் கட்டு. புடிக்கக் கம்பும் போடு. என் கடை வாசல்ல ஆள் விழுந்தாங்குற பேச்சு எனக்கு வேண்டாம்" என்றார்.

பாயின் மேலும் எனக்கு வருத்தமில்லை. வேலை போகும் என்று தெரிந்துதான் மாடிப்படி ஏறினேன்.

கலவையில் பாதி ரோட்டோரத்திலேயே கல்லாகிவிட்டது. மீதியை அள்ளிக்கொண்டு பின்பக்கச் சுவருக்குப் போனார்கள். அகரத்து அக்கா சட்டியோடு என்னைத் தாண்டும்போது, "இனிமே நான் ஏறும்போதெல்லாம் விரல விட்டுப் பாக்கணுமாக்கும். ஒன்னால ஒரு வெனை, பெல்ட்டு" என்றது. அந்தப் பெயரை முதலில் வைத்தது அதுதான். அது திட்டியதா, வேறு ஏதாவதா என்று நான் யோசித்ததே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று இடத்தில் எனக்கு வேலை இல்லை என்றார்கள். "அவனா, அவன் சாரத்தப் பிரிக்கிறவன்" என்று பேர் போய்விட்டது. இப்போது வேலை கேட்டுப் போகிற இடத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லீவு விட்டு வந்தால் சாரத்துக் கட்டைப் பார்ப்பேன், பார்த்த பிறகுதான் கலவை. சிலர் போய்ட்டு வா என்கிறார்கள். போய்விடுகிறேன். சிலர் சரி என்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கும் ஒரு பெல்ட்டு வாங்கியாகிவிட்டது, குழாயடியில் அதையும் சொல்லிக்கொள்ளட்டும்.

அன்று நாலரை மணிக்கு நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தீர்கள். நான் வாசலில் உட்கார்ந்து பெல்ட்டில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே கத்தரிக்காய் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா, ரெண்டு பேரும் வெள்ளனவே வந்துட்டீக?" என்று பெரியவள் கேட்டாள். "வேலை முடிஞ்சிருச்சு" என்றேன். பொய். முன்பக்கச் சுவர் அப்படியே நின்றது, நாங்கள்தான் நிறுத்திவிட்டு வந்தோம். இனிமேல் யார் கேட்டாலும் அதை அப்படியே சொல்லுங்கள், குரலைத் தாழ்த்தாமல்.