எமகண்டத்தில் விற்ற பங்கு

ஷேர் மார்க்கெட்டில் பணத்தைத் தொலைத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நான் அந்தக் கூட்டமில்லை. என் பங்குகள் நல்ல விலையில்தான் இருந்தன. விற்றுத் தா என்றால் விற்றுத் தரத்தான் ஆளில்லை.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். அதில் மிச்சம் பிடித்து, மகளின் படிப்புக்கென்று ஒரே கம்பெனியின் பங்குகளைச் சில வருடங்களாக வாங்கி வந்தேன். வாங்கிக் கொடுத்தவர் கோயில் பக்கம் ஆபீஸ் வைத்திருந்த ஏஜெண்ட். ஒரு பெரிய புரோக்கர் கம்பெனிக்கு எங்கள் ஊரில் அவர்தான் ஆள். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். கணக்குத் தொடங்கிய அன்று படிவத்தில் போன் நம்பர், ஈமெயில் என்று ஏதேதோ கேட்டிருந்தது. "எல்லாம் நீங்களே பாத்துப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கம் அப்படித்தான். எடுத்துப் படித்துப் பார்த்தால் மனிதரைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடுமே!

மகளுக்கு வெளியூர் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த சேதி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பங்கை இன்று விற்றால் பணம் அடுத்த வேலை நாளில்தான் கைக்கு வரும். ஆக, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்குச் சந்தை மூடுவதற்குள் விற்றே ஆக வேண்டும்.

வெள்ளி காலை பத்தரைக்கு ஏஜெண்டுக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னேன். "அத்தனையும் வித்துருங்க அண்ணாச்சி."

"முடிஞ்சதுன்னு வச்சுக்கிடுங்க" என்றார்.

நானும் முடிந்தது என்றே வைத்துக்கொண்டேன். அச்சன்புதூர்க்காரர் ஒருவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதில் உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு மகள் போன் செய்து, "வித்தாச்சாப்பா?" என்று கேட்டபோதுதான், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று தோன்றியது. "கேட்டுச் சொல்லுதேன்" என்று வைத்தேன். ஏஜெண்டுக்கு மணி போகிறது, எடுக்க ஆளில்லை. ஏழு தடவை போட்டேன்.

அவருடைய கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். முக்கியமாம்! ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டுக் கேட்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"சார், கணக்குல பதிவு பண்ண நம்பர்ல இருந்து நீங்க பேசலையே. விவரம் சொல்ல முடியாது."

"இது என் நம்பர்தான்மா. வேற எந்த நம்பர் இருக்கு?"

கடைசி நான்கு எண்களை மட்டும் சொன்னாள். ஒரு மணியில் இருந்து நான் ஏழு தடவை கூப்பிட்ட அதே நம்பர். படிவத்தில் ஏஜெண்ட் தன் நம்பரையே போட்டு வைத்திருக்கிறார். என் சொந்தப் பங்கை விற்க ஓ.டி.பி வருவதும் அவர் போனுக்குத்தான். அவரைத் தவிர உலகத்தில் யாராலும் அதை விற்க முடியாது. நானாகத்தானே "நீங்களே போட்டுக்கிடுங்க" என்றேன்? யாரைத் திட்ட?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் ஆபீசுக்குப் பறந்தேன். அவர் மனைவி மட்டும் இருந்தார்.

"வெள்ளிக்கிழமை பத்தரைல இருந்து பன்னண்டு ராகு காலம்லா அண்ணாச்சி? பொம்பளப் பிள்ளை படிப்புக் காரியம், ராகு காலத்துல விக்கப்படாதுன்னுதான் நிறுத்தி வச்சாங்க."

"சரி, பொறவு?"

"பொறவு, அருவில தண்ணி நல்லா விழுதுன்னு கூட்டாளி போன் போட்டாரு. அங்கன இருந்தே போட்டுருதேன்னு குத்தாலம் போயிட்டாங்க. போடலையா?"

மணி இரண்டே முக்கால். குற்றாலத்துக்குப் பத்து நிமிஷம்தான். ஆனால் சீசன் நேரம், போதாததற்குச் சாரல். வழியெல்லாம் வெளியூர் வேன்கள். ஒவ்வொரு வேன்காரனையும் மனதுக்குள் வைதுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மெயின் அருவிக்குப் பக்கத்தில், எண்ணெய் தேய்க்கும் இடத்தில், மனிதர் பலகை மேல் குப்புறக் கிடந்தார். முதுகில் ஒரு ஆள் ஏறி உட்காராத குறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வே! என் பங்க வித்தீரா?"

அண்ணாச்சியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவர் தலையைத் தூக்கினார். முகத்தில் எண்ணெய் சொட்டியது. "ஐயையோ! மறந்தே போனேன் அண்ணாச்சி" என்று எழுந்தவர், பையிலிருந்து போனை எடுத்து மணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"மூணு அடிச்சிட்டே அண்ணாச்சி. இப்ப எமகண்டம்லா..."

"எமகண்டம் எனக்கில்ல வே, உமக்குத்தான்! போடும்!"

போடத்தான் முடியவில்லை. எண்ணெய் விரலுக்குத் திரை மசியவில்லை. இங்கே தொட்டால் அங்கே திறக்கிறது. என் வேட்டி நுனியைக் கொடுத்தேன், விரலைத் துடைத்துக்கொண்டார். ஓ.டி.பி வந்தது. ஆர்டரும் போனது. ஆனால் 'நிலுவையில்' என்றே நிற்கிறது. எட்டிப் பார்த்தால், சந்தை விலையை விட இரண்டு ரூபாய் கூடுதலாக வைத்திருக்கிறார்!

"பிள்ளைக்குக் கூடக் கொஞ்சம் கிடைக்கட்டுமேன்னு..."

"உம்ம நல்ல மனசுல இடி விழ! கிடைக்கிற விலைக்குத் தள்ளும் வே!"

மாற்றினார். சிக்னல் இல்லாமல் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. எண்ணெய் தேய்ப்பவர் உட்பட மூன்று பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று இருபதுக்கு விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பாடா! அந்த எண்ணெய்ப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பணம் வந்து கட்டியும் ஆயிற்று. கணக்கில் அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட அந்தக் கம்பெனி என்னை மூன்று தடவை அலையவிட்டதும் உண்டு. அதெல்லாம் போகட்டும். பலகையில் உட்கார்ந்தபடியே மகளுக்குப் போன் போட்டேன்.

"வித்தாச்சும்மா."

அருவிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ. "ஏட்டி, கேக்குதா?"

"கேக்குதுப்பா" என்றாள். "விக்கலன்னு நீங்க வந்து நின்னா, 'பரவால்லப்பா, இங்கனயே ஏதாவது படிச்சுக்கிடுதேன்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லணும்னு, ஒரு மணில இருந்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன்பா. வார்த்தை வந்துட்டு. சிரிப்புதான் வரவே இல்ல."

பலகையை விட்டு எழுந்தேன்.

"இனிமே அதச் சொல்ல வேண்டாம் ஏட்டி" என்றேன். "பெட்டியக் கட்டு."