தாலிக்கொடியும் துவக்கும்

பதினொரு வயதில் எனக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர் எவரும் இல்லை என்பது ஒன்று. ஆகவே என்னைவிடப் புத்திசாலியும் எவரும் இல்லை என்பது மற்றது. முதலாவது உண்மைதான். இரண்டாவதை நம்பி நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். பிள்ளையாருக்கு முன்னால் அல்ல. அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்போது நாங்கள் டண்டினொங் என்ற புறநகரில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களுடன்தான் இருந்தார். ஊரிலிருந்து படகில் வந்து, விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, கடைசியில் குடியுரிமை எடுத்தவர். குடியுரிமை கிடைத்ததும் எங்கள் ஆட்கள் வீடு தேடுவார்கள், இல்லாவிட்டால் பொம்பிளை தேடுவார்கள். மாமா துவக்குத் தேடினார்.

"உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா.

"குறி பாத்துச் சுடுறது இங்க ஒரு விளையாட்டு அக்கா. கிரிக்கெட் மாதிரி."

"கிரிக்கெட் விளையாடப் பொலிஸிட்ட அனுமதி கேக்கிறேல்லையே," என்றார் அப்பா, போனிலிருந்து தலையை எடுக்காமல்.

அப்பா சொன்னதில் பிழையில்லை. இந்த நாட்டில் ஒருவர் கைத்துப்பாக்கி வாங்குவதைவிட இரண்டாந்தாரம் கட்டுவது சுலபம். சுடும் கழகத்தில் சேர்ந்து மாதக்கணக்கில் பழக வேண்டும். இவர் நல்லவர்தான் என்று கழகத்தார் கையெழுத்து வைக்க வேண்டும். பொலிஸ் ஆளின் பழைய கதையையெல்லாம் கிண்டிப் பார்த்து, 'பொருத்தமான, தகுதியான ஆள்' என்று ஒத்துக்கொண்டால்தான் லைசன்ஸ். அதன் பிறகும், வாங்கப்போகிற அந்த ஒரு துவக்குக்கென்று தனி அனுமதி. அத்தனை படிவங்களையும் மாமாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னவன் நான். லைசன்ஸ் அட்டை வந்த நாளிலிருந்து அது அவருடைய சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. வீட்டில் சாரத்துடன் நிற்கும்போது மடியில் செருகியிருப்பார்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய துவக்கைப் பார்த்து எனக்குப் பெருத்த ஏமாற்றம். கழகத்தில் கண்பார்வை மங்கிப்போன ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கிய பழைய ரிவோல்வர். 'முப்பத்திரண்டு லோங்' என்று ஒரு சின்னத் தோட்டாவைத்தான் அது தின்னும். வேறு எதைக் கொடுத்தாலும் வாய் திறக்காது. துவக்குக் கடைக்காரன் அந்தத் தோட்டாவின் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டு, ஓடர் பண்ணித்தான் எடுக்க வேண்டும், எப்போது வருமோ தெரியாது என்றான். நல்லவேளையாகக் கிழவர் ஒரு பெட்டி நிறையத் தோட்டாக்களையும், சுட்டபின் மிஞ்சும் வெறுங்கோதுகளைத் திரும்ப நிரப்பும் சிறு இயந்திரத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னையும் கூட்டிப்போவார். நான் காதுகளை மூடிக்கொண்டு பின்கோட்டில் நிற்பேன். பக்கத்தில் நிற்பவர்களின் துவக்குகள் வெடித்தால் தகரக் கூரை அதிரும். மாமாவுடையது 'டப்' என்று, யாரோ அடுத்த அறையில் புத்தகத்தைக் கீழே போட்டதுபோல் ஒரு சத்தம். ஒருவன் அதை நுளம்பு அடிக்கிற துவக்கு என்றான். மாமா அவனுடன் சேர்ந்து சிரித்தார். ஆனால் தாளைக் கொண்டுவந்து பார்த்தால், நடு வட்டத்துக்குள் ஆறு துளைகள், அலுவலகத்தில் கோப்புக்குத் துளை போடுவார்களே, அவ்வளவு சுத்தமாக இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால்கூட நடுங்குகிற கை அது. துவக்கைப் பிடித்தால் மட்டும் நடுங்காது. சுட்டு முடித்ததும் ஆறு கோதுகளையும் சூடாக என் உள்ளங்கையில் கொட்டுவார்.

"பன்னிரண்டு வயசு வரட்டும். உனக்கும் லைசன்ஸ் எடுத்து இதாலதான் சுடப் பழக்குவன்."

அதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

துவக்கை வைக்க மாமாவின் அறை அலுமாரிக்குள் கொங்கிரீட் தரையோடு சேர்த்து ஆணி முடுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீதிகளில் நகைத் திருட்டு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களின் வீடுகளில் பவுண் இருக்கும் என்பது கள்ளர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒருநாள் அம்மா அந்த இரும்புப் பெட்டியை முதன்முதலாகப் பாசத்துடன் பார்த்தார்.

"அக்கா, அதின்ர திறப்பு என்னட்ட மட்டும்தான் இருக்கோணும். சட்டம்."

"உன்ர துவக்குப் பெரிசோ, என்ர தாலிக்கொடி பெரிசோ?"

சோறு போட்ட அக்காவிடம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்கிறது. தாலிக்கொடி உள்ளே போனது. காப்புகள், அட்டியல், நான் குழந்தையில் போட்ட பஞ்சாயுதம் எல்லாம் பின்தொடர்ந்தன. சனிக்கிழமை தவறாமல் யாராவது ஒருவரின் கலியாணமோ சாமத்தியவீடோ வரும். மாமா வேலையில் நிற்பார். ஆகவே இரண்டாவது திறப்பு அம்மாவிடம் வந்து, குசினியில் அரிசி வாளிக்குள் குடியேறியது.

பெட்டியைச் சோதிக்கப் பொலிஸ்காரர் ஒருவரும் ஒரு பொலிஸ்காரியும் வந்தது ஒரு காலைநேரம். மாமா சாரத்தை மாற்றி நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து, சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்து முன்னால் நீட்டியபடி நின்றார். சங்கீதபூஷணம் யாரோ தாளம் போட ஆயத்தமாவதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

பொலிஸ்காரர் நல்ல மனிதர். என் ஆங்கிலத்தைப் பாராட்டினார். அதோடு நான் மொழிபெயர்ப்பாளர் பதவியிலிருந்து நாட்டின் தூதுவராக உயர்ந்துவிட்டேன். மாமா பெட்டியைத் திறந்தார். துவக்கின் இலக்கம் சரி. தோட்டாக்கள் சட்டப்படி வேறு பெட்டியில், அதுவும் சரி. பொலிஸ்காரர் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தவர், மேல்தட்டில் இருந்த நகைகளைப் பார்த்து, அழகாக இருக்கிறதே, யாருடையது என்று சும்மாதான் கேட்டார்.

"மைன்," என்றார் மாமா.

தாலிக்கொடியும் அட்டியலும் தன்னுடையவை என்கிறார்! பாவம், மாமாவுக்கு ஆங்கிலம் காலை வாரிவிட்டது, காப்பாற்ற வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். இல்லை, அவை என் அம்மாவுடையவை, அம்மாவிடம் வேறு திறப்பே இருக்கிறது என்று தெளிவான ஆங்கிலத்தில் திருத்தினேன். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. குசினிக்குள் ஓடி, அரிசி வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டு, திறப்பைத் தேடி எடுத்துவந்து பொலிஸ்காரரின் கையிலேயே கொடுத்தேன். கூடம் முழுக்க அரிசி. குசினி வாசலில் அம்மா கையில் வெண்டிக்காயுடன் நின்றார்.

பொலிஸ்காரர் பேனையை மூடினார்.

ரிவோல்வரை ஒரு பையில் போட்டு எடுத்துப்போனார்கள். மாமாவிடம் அட்டையைக் கேட்டார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சில வாரங்களில் கடிதம் வந்தது. வழக்கம்போல் நான்தான் வாசித்தேன்.

"நீங்கள் பொருத்தமான, தகுதியான ஆள் இல்லையாம், மாமா."

"இன்னொருக்கா வாசி."

இன்னும் நல்ல உச்சரிப்புடன் வாசித்தேன். அன்று எனக்கு இருந்த கவலை, பன்னிரண்டு வயதானாலும் இனி நான் சுட முடியாதே என்பதுதான். அந்த வருடமே மாமா நகரத்தின் மறுபக்கம் டார்னெய்ட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். அம்மாவின் நகைகள் வங்கிக்குப் போயின.

போன மாதம் என் புதுவேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். இது என்ன தொல்லை என்று அம்மாவிடம் புறுபுறுத்தேன். அம்மா மாமாவின் கதையைச் சொன்னார்.

"ஊரில ஆமிக்காரர் அவனைச் சேர்ட்டைக் கழட்டச் சொல்லித் தோளைத் தடவிப் பாத்தவங்கள். துவக்குத் தூக்கின தழும்பாம். ரெண்டு வருசம் வழக்குமில்லாமல் உள்ளுக்கு வைச்சிருந்தவங்கள். அது கடையில மூட்டை தூக்கின தழும்படா. அவன் அதுவரைக்கும் ஒரு துவக்கைத் தொட்டது கூட இல்லை."

எத்தனையோ படிவங்களை மொழிபெயர்த்த நான் மாமாவின் அந்த ஒரு லைசன்ஸ் அட்டையை மட்டும் வாசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையே டார்னெய்ட்டுக்குப் போனேன். மாமா தேத்தண்ணி போட்டுத் தந்தார். என் வழக்கப்படி இரண்டு பகிடி விட்டுப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கடைசியில், அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்றேன். மாமா கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். முட்டாள்தனத்துக்கு வயதாகாது என்பதை நிரூபிப்பதுபோல், இன்னொன்றும் சொன்னேன்.

"எனக்கு அப்ப பதினொரு வயசுதானே மாமா."

மாமா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"என்னைப் பிடிக்கேக்க எனக்குப் பத்தொன்பது."