ஒரு வாரம் ரெஸ்ட்

போன செவ்வாய்க்கிழமை சேகருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தொண்டையில் கேன்சர். கல்யாணமே செய்துகொள்ளாமல் ஒரே தங்கையை வளர்த்து ஆம்பூரில் கட்டிக்கொடுத்தவர்.

ரேடியேஷன் எல்லாம் முடிந்து எடுத்த ஸ்கேன். பெரிய டாக்டர் அதைப் பார்த்தார். ஃபைலைப் புரட்டினார். "ஏன்ரீ..." என்று கன்னட 'என்னங்க'வில் ஆரம்பித்தார். "நடுவுல கேப் விடச் சொன்னது யாரு?"

சேகர் என்னைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். சிகிச்சை பாதி நடந்துகொண்டிருந்தபோது தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? தங்கை வசந்தா போனில் ஒரே பிடிவாதம். "நீ வராம குழந்தையை யார் மடியில உட்கார வைப்பேன் அண்ணா? உனக்கும் ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்த மாதிரி ஆச்சு."

அப்போது சேகருக்கு வாயெல்லாம் புண். கரண்ட் (ரேடியேஷனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வைத்து வைத்து, எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும். ரெஸ்ட் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? 'ஒரு நாளும் விடாதீங்க' என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் இருந்தார்கள். ஏன் என்று அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆபீசுக்கு லீவு போடுவதுபோல நினைத்துக் கிளம்பிவிட்டார்.

ஒரு வாரம் என்று போனவர் மறு வாரமும் தங்கினார். புண் ஆறியது. வசந்தா வீடியோ காலில் வந்து, "அக்கா, இங்க பாருங்க... அண்ணன் ரசம் சோறு சாப்பிடுது!" என்று அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் திரும்பி வந்து மீதிக் கரண்டையும் வைத்து முடித்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் விளக்கினார். கோபப்படவே இல்லை — அதுதான் பயமாக இருந்தது.

"கரண்ட் நல்ல செல்லையும் அடிக்கும், கேன்சர் செல்லையும் அடிக்கும். நல்ல செல் மறுநாளைக்குள்ள தன்னை ரிப்பேர் பண்ணிக்கும். கேன்சர் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கம்மி. அது எழுந்திருக்கறதுக்குள்ள மறுபடி அடிக்கணும். அதுக்குத்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமா. நீங்க ரெண்டுக்கும் ரெஸ்ட் குடுத்துட்டீங்க."

புண் ஆறிய அதே நாட்களில், உள்ளே மிச்சம் இருந்ததும் தலை தூக்கியிருக்கிறது. அந்த ரசம் சோற்றுக்கா அத்தனை சந்தோஷப்பட்டோம்?

"கேப் விடலைன்னாலும் வந்திருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது" என்றும் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னாரோ என்னவோ. கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. அதே இடத்தில் திரும்பக் கரண்ட் வைப்பது ஆபத்தாம். ஆபரேஷன் என்றால் குரல் போய்விடும். அதுவும் செய்ய முடியுமா என்று பார்த்துத்தான் சொல்வார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், 'ஏன்' என்பதை முன்னாலேயே சொல்ல ஒருவருக்குமா வாய் வரவில்லை?

வீடு திரும்பும் வழியில் ஆட்டோ அல்சூர் சிக்னலில் நின்றது. சேகர் அந்தக் கரகரத்த குரலில் சொன்னார்: "அக்கா... வசந்தாகிட்ட சொல்லிடாதீங்க. காதுகுத்துக்கு வந்ததாலதான்னு தெரிஞ்சா, குழந்தையோட காதைப் பார்க்கறப்பல்லாம் அழுவா."

சரி என்றேன்.

இதை எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் இந்த வாரமும் ஏதோ ஒரு வீட்டில் யாராவது 'ரெஸ்ட்' எடுக்கப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்களே... மனசு கேட்கவில்லை. வசந்தா பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவள். அதனால் பெயர், ஊர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

தங்கச்சி, இது உன் அண்ணன் இல்லை.