ஈர மண்ணில் வாடிய வாழை

"சார், மண்ணு சொதசொதன்னு ஈரமாக் கெடக்குதுங்க. வாழ மட்டும் உச்சி வெயிலுக்குத் தொங்கிப் போகுதுங்க. வாடல் நோயாட்டத் தெரியுது. நாளைக்குக் காலைல டிராக்டரை உட்டு ஓட்டிப்போடலாம்னு இருக்கறனுங்க."

போனில் பேசியவர் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் நேந்திரன் வாழை போட்டிருந்த ஆறுச்சாமி. நான் சொட்டுநீர்ப் பாசன கம்பெனியில் ஃபீல்டு ஆபீசர். குழாய் மாட்டித் தருவதோடு, சொட்டுநீரில் எந்த உரத்தை எவ்வளவு விடலாம் என்று சொல்வதும் என் வேலை. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

தோட்டத்தில் மூன்று மாதக் கன்றுகள். இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. ஒரு கன்றைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து பார்த்தேன். உள்ளே சுத்தமான வெள்ளை, நோய்க்கான கறையே இல்லை. வேரடி மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஈ.சி. மீட்டரை வைத்தேன். கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி அது. முள் எகிறியது.

"உரம் எப்பக் கடைசியா உட்டீங்க?" என்றேன்.

"கல்யாணத்துக்குப் போறதுக்கு முன்னால உட்டதுதானுங்க. உங்களக் கேட்டுத்தானுங்களே உட்டேன்?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா மகளுக்குக் கல்யாணம், தாய்மாமன் இல்லாமல் எந்தச் சீரும் நடக்காது, மாதம் பூராவும் அலைச்சல், அதனால் ஒரு மாதத்து உரத்தையும் ஒரே நாளில் விட்டுவிடலாமா என்று போனில் கேட்டிருந்தார். நான் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "விட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். வாரம் இரண்டு என்று பிரித்து விட வேண்டிய எட்டுத் தவணை யூரியாவும் பொட்டாஷும் ஒரே நாளில் இறங்கியிருந்தன.

உள்ளதைச் சொல்கிறேன். நோய் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவரே அப்படித்தானே நம்பிக்கொண்டிருந்தார்.

அதற்குள் அவர் மனைவி சரஸ்வதி அம்மா, மோர் சொம்போடு வந்தவர், இலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க சார், மாங்காய்ல உப்ப அள்ளிப் போட்டா தண்ணி உட்டுட்டுச் சுருங்குமுங்களே. இதும் அப்படித்தானுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அதேதானுங்கம்மா. வேரோட ஒவ்வொரு செல்லச் சுத்தியும் மெல்லிசா ஒரு சவ்வு இருக்குதுங்க. உப்பு எந்தப் பக்கம் ஜாஸ்தியோ, தண்ணி அந்தப் பக்கம் போயிரும். எப்பவும் வேருக்குள்ளதான் உப்பு ஜாஸ்தி, அதனால மண்ணுல இருக்கற தண்ணி உள்ள ஏறும். உரமும் உப்புத்தானுங்க. இப்ப மண்ணுல ஜாஸ்தி. தண்ணி பக்கத்துலயே நின்னும் குடிக்க முடியல." ஒரு வழியாகச் சேர்த்துச் சொன்னேன். "தப்பு என்னுதுங்க. யோசிக்காம சரின்னு சொல்லிப்போட்டேன்."

ஆறுச்சாமி கருகின இலை ஓரத்தைக் கிள்ளிக் கீழே போட்டார்.

"கேட்டது நானு, சொன்னது நீங்க. உடுங்க. இப்ப என்னங்க பண்றது?"

ஈரமாக இருக்கிறதே என்று அவர் தண்ணீரை நிறுத்திவைத்திருந்தார். அதைத் திறக்கச் சொன்னேன். உரமே கலக்காமல் வெறும் கிணற்றுத் தண்ணீர், மூன்று நாள், மோட்டார் ஓடும் நேரமெல்லாம். உப்பு கரைந்து வேருக்குக் கீழே இறங்க வேண்டும். தினமும் போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் உச்சி வெயிலில் குருத்து நிமிர்ந்து நின்றது.

அடுத்த வாரம் எங்கள் ஏரியா மேனேஜர் வந்து, கருகின இலையைக் காட்டி என்ன ஆச்சு என்று கேட்டார். ஆறுச்சாமி முந்திக்கொண்டார்.

"நாந்தானுங்க அள்ளி உட்டுப்போட்டேன். உங்காளு வந்துதானுங்க காப்பாத்துனாரு."

"இல்லைங்க சார், உடச் சொன்னது நான்தான்" என்றேன். மேனேஜர் என்னைத் திட்டித் தீர்த்தார். வேலையைவிட்டு எடுக்கவில்லை. அந்தத் திட்டைவிட, எனக்காக ஆறுச்சாமி ஏற்றுக்கொண்ட பழிதான் இன்றுவரை மனதில் நிற்கிறது. அவ்வளவு பெரிய மனசுக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். போனில் அளவு கேட்டால் கையைக் கழுவிவிட்டுப் பேசுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பிறகும் ஆறுச்சாமி கூப்பிடுகிறார். உரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்.

"சாப்பிட்டுட்டு இருக்கறீங்களா சார்? அப்படீன்னா அப்பறமாக் கூப்பிடறனுங்க."