பெர்ரிமன் ஹோட்டலின் பக்கவாசல்

வெர்லீன் பெர்ரிமனை இனிமையானவள் என்று தென் அமெரிக்க மாநிலங்களில் ஒன்றான ஜார்ஜியாவின் மேக்கன் ஊரில் யாரும் சொன்னதில்லை. வெள்ளையர் ஹோட்டல்களில் கறுப்பருக்கு அறை கிடையாது என்றிருந்த காலத்தில் அவள் மாமனார் ஏமஸ் தன் கறுப்பின ஜனங்களுக்காகக் கட்டியது பெர்ரிமன் ஹோட்டல். அதன் கீழ்த்தளத்து நைட் கிளப்பை அவள் நடத்தினாள். குடித்துவிட்டு வம்பு செய்தவனைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளுவாள். உயிரைக் கொடுத்துப் பாடியவனிடம் "பரவாயில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். சட்டம் மாறி எல்லாக் கதவுகளும் திறந்தபோது சொந்த ஜனங்களே பெரிய ஹோட்டல்களைத் தேடிப் போனார்கள். பெர்ரிமன் மூடப்பட்டது. மேடை விளக்குகளையும் அறைச் சாவிகளையும் பாடகர்களின் படங்களையும் தன் கார் கொட்டகையில் போட்டுக் காத்தாள்.

இப்போது கட்டடம் அருங்காட்சியகமாகிறது. பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் மகன் லமாண்டுடன் வந்து இறங்கினாள். பக்கவாசலுக்கு மேல் புதிதாக ஒரு பலகை: 'கறுப்பர் இவ்வழியே'.

"யாரு இதை மாட்டினது?"

காட்சியகக் குழுவின் தலைவன் டெரில், அவள் போகும் தேவாலயத்தில் வளர்ந்த பையன், சிரித்துக்கொண்டே வந்தான். "அந்தக் காலத்தைக் காட்டத்தான், மிஸ் வெர்லீன். வெளியூர்க்காரங்க அதைத்தானே பார்க்க வர்றாங்க?"

"இது எங்க ஹோட்டல்டா. எங்களை நாங்களே பக்கவாசல்ல விட்டோமா? ஐஸ் கொண்டாந்தவனைக்கூட முன்வாசல் வழியா வான்னாரு எங்க மாமனார். பக்கவாசலைப் பூட்டியே வெச்சிருந்தாரு."

"ஒரு பலகைதானே... பணம் குடுத்தவங்க ஆசைப்பட்டாங்க."

"ஊரெல்லாம் அது தொங்கிச்சு. அது இல்லாத இடம்னுதான் ஜனங்க இங்க வந்தாங்க. இதையும் விட்டுவைக்க மாட்டியா?"

"உங்க கோபம் நியாயம்தான்..."

"எனக்கு நீ சர்டிபிகேட் குடுக்காத. உங்கம்மா கல்யாண விருந்து கீழதான் நடந்துச்சு. வெள்ளை கவுனை இழுத்துக்கிட்டு எந்த வாசல்ல நுழைஞ்சான்னு போய்க் கேளு!"

டெரில் பலகையை அண்ணாந்து பார்த்தான். கழற்றவில்லை.

கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. படங்களில் பூஞ்சை ஏறத் தொடங்கிவிட்டது. இந்த வயதில் இன்னோர் இடம் தேட அவளால் ஆகாது. இங்கே விட்டால் பொருள்கள் பிழைக்கும். பிழைத்து, நடக்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்லும். பட்ட அவமானம் மட்டும்தான் வரலாறு என்று நினைப்பவர்களுக்கு அவமானப்பட்டவர்கள் கட்டி எழுப்பியது கண்ணில் படாது.

"லமாண்ட், இறக்கினதை ஏத்து."

"அத்தை, வீட்டுல வெச்சா அழுகிப் போயிடும்."

"பொய் சொல்லாம அழுகட்டும்."

பெட்டியைத் தூக்க டெரில் கைகொடுக்க வந்தான்.

"தொடாதே" என்றாள் வெர்லீன்.