ஐந்து முகவரிக்காரர்

எழுத்துப் பழக்கமில்லாத நான் ஒருவரைப் பழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள்.

வெள்ளவத்தையில் பயண ஏஜென்சி நடத்திய அவர் தனி ஆள். ஆனாலும் பியோனைக் கூப்பிடுவதுபோல மேசை மணியை அடித்துக்கொண்டே இருப்பார். மகளின் பிரசவத்துக்குப் போக, விசாவுக்கென்று நான் கொடுத்த பாஸ்போர்ட் ஒரு மாதமாக அவருடைய மேசை லாச்சிக்குள் கிடந்தது.

"உங்கட டிரெக்டருக்கு மெயில் போட்டனான், தம்பி." என்றேன். " 'கவனத்தில் உள்ளது' எண்டு உடனே பதில் வந்தது. பிறகு ஒண்டுமில்லை."

"அது தானாப் போற பதில், அக்கா. முறைப்பாட்டுக்கு வேற முகவரி இருக்கு, அதுக்குப் போடுங்கோ."

"அதை ஆர் வாசிக்கிறது?"

"கம்பனிப் பேரில ஐஞ்சு முகவரி திறந்தனான். எல்லாத்தையும் என்ர மெயிலுக்குத்தான் திருப்பி விட்டிருக்கிறன்," என்று பெருமையாக மணியை அடித்தார்.

தன்னை ஐந்தாக்கியும் ஒன்றுக்கும் உதவாத மனிதரை அன்றுதான் கண்டேன். வீட்டுக்கு வந்து முறைப்பாடு அனுப்பினேன். நன்றி சொல்லி உடனே பதில் வந்தது.

மறுநாள் பேரன் பிறந்தான்.